வாக்கிங் பேஸுக்கு இடது கை விரல்கள்: அடுத்த பாரிலிருந்து பின்னோக்கி

ஜாஸில் பீட்டுக்கு ஒரு சுரமாக நடந்துபோகும் கீழ்ச்சுர வரிதான் வாக்கிங் பேஸ். அன்று பேஸ் வாசிப்பவருக்குக் காய்ச்சல். மேடையில் பியானோவும் டிரம்ஸும் மட்டும். "பேஸை இடது கையில் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். எந்த கார்டுக்கு எந்தச் சுரம் என்பதெல்லாம் தெரியும், அதில் குழப்பமில்லை. ஆனால் பாட்டின் மூன்றாவது சுற்று வருவதற்குள் முழங்கைக்குக் கீழே மரக்கட்டை போல இறுகிவிட்டது. நான்காவது சுற்றில் இடது கை நடக்கவில்லை, நொண்டியது.

வீட்டுக்கு வந்து, வாசித்ததைத் தாளில் எழுதி விரல் எண்களைப் போட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒவ்வொரு பாரின் (நாலு பீட் கொண்ட பகுதி) முதல் சுரத்திலும் 5, அதாவது சுண்டுவிரல். ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) என்றாலே சுண்டுவிரல் என்று கை பழகியிருந்தது. அதனால் பாருக்கு ஒரு முறை கை முழுவதும் தாவிக்கொண்டிருந்தது. இந்த வழிகாட்டி அந்தத் தாளிலிருந்து தொடங்குகிறது. மேஜர், மைனர் ஸ்கேல்கள் தெரிந்து, 7 கார்ட் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

பியானோவில் இடது கை விரல் எண்கள்: கட்டைவிரல் 1, ஆள்காட்டி விரல் 2, நடுவிரல் 3, மோதிர விரல் 4, சுண்டுவிரல் 5. கீழே எல்லா இடத்திலும் சுரத்தை ஒட்டி வரும் எண் இந்த விரல்தான்.

ஸ்கேல் ஃபிங்கரிங் ஏன் போதாது

கிரேடு தேர்வுக்குப் படித்தவர்களின் கையில் ஸ்கேல் ஃபிங்கரிங் (எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்ற வரிசை) ஊறியிருக்கும். சி மேஜர் ஏறும்போது 5-4-3-2-1-3-2-1. நல்ல பழக்கம்தான். ஆனால் ஸ்கேல் ஒரே திசையில் போகும், எங்கே முடியும் என்பது முன்பே தெரியும். வாக்கிங் பேஸ் அப்படி இல்லை. நாலு பீட்டுக்கு நாலு சுரம், ஒவ்வொரு பாரிலும் திசை மாறலாம், நடுவில் ஸ்கேலிலேயே இல்லாத பக்கத்துச் சுரம் ஒன்று நுழையும்.

இந்த நடையை 1930-களில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் வாசித்த வால்டர் பேஜ். அவர் வாசித்தது நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ். அந்தக் கருவியில் இடது கை என்ன செய்கிறது என்று பார்ப்பது நமக்கு மிகவும் உதவும். கீழ் நிலைகளில் பேஸ் கலைஞர்கள் வழக்கமாக 1, 2, 4 என்ற மூன்று விரல்களைத்தான் பயன்படுத்துகிறார்கள் (அங்கே 1 என்பது ஆள்காட்டி விரல்). ஒரு தந்தியில் ஒரு பிடிக்கு அடுத்தடுத்த மூன்று சுரங்கள்தான் அகப்படும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தந்தி மாற வேண்டும், அல்லது கை நகர வேண்டும். அப்படி நகரும்போது ஒலியில் மிகச் சிறிய மூச்சு விழும். நாம் கேட்டுப் பழகிய பேஸ் ஒலியில் அந்த மூச்சும் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே பியானோவில் எல்லாச் சுரங்களையும் பசை போட்டு ஒட்டியதுபோல் வாசிக்க வேண்டியதில்லை. கை நகரும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் இடம்

அந்தப் பெரிய பேஸின் நாலு தந்திகள் இ, ஏ, டி, ஜி. மிகக் கீழான இ ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். 88 கட்டைகள் உள்ள பியானோவில் இடது ஓரத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது வெள்ளைக் கட்டை அது. 76 கட்டை கீபோர்டுகளில் பெரும்பாலும் முதல் கட்டையே அந்த இ-தான். 61 கட்டை கீபோர்டு வழக்கமாக அதற்கு மேலே உள்ள சி-யில்தான் தொடங்கும். ஸ்ப்ளிட் போட்டு (கீபோர்டை இரண்டு ஒலிகளுக்காகப் பிரித்து) இடது பக்கத்துக்கு பேஸ் ஒலியைக் கொடுத்து, அதை ஓர் ஆக்டேவ் இறக்கிக்கொள்ளுங்கள்.

நல்ல நடை அந்த இ-யிலிருந்து நடு சி-க்குச் சற்றுக் கீழே வரை புழங்கும். பாட்டின் ஒலிக்கு வேண்டியதை விட்டுவிட்டு, கைக்கு வசதி என்று நடு சி-க்குப் பக்கத்திலேயே சுற்றினால் பேஸ் என்ற உணர்வு போய்விடும். உடலைச் சற்று இடப்பக்கம் சாய விடுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு கீழ்க் கட்டைகளை எட்ட முயன்றால் மணிக்கட்டு வளையும், வலியும் அங்கேதான் தொடங்கும்.

விரலைப் பின்னாலிருந்து போடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். வரியை விரல் எண் இல்லாமல் முதலில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பாரின் முதல் சுரத்தை மட்டும் வட்டமிடுங்கள். இப்போது கடைசி வட்டத்துக்குப் போய், "இந்தச் சுரத்துக்குப் பிறகு வரி எங்கே போகிறது?" என்று கேளுங்கள். மேலே ஏறினால் வட்டத்தில் 5 அல்லது 4. கீழே இறங்கினால் 1 அல்லது 2. அந்த விரலில் வந்து இறங்க, முந்தைய பாரின் நாலாவது பீட்டில் எந்த விரல் இருக்க வேண்டும் என்று பார்த்து அதை எழுதுங்கள். அப்படியே ஒவ்வொரு வட்டமாகப் பின்னோக்கி வாருங்கள். ரூட்டா, ஐந்தாவதா, மூன்றாவதா என்பது விரலுக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்து எந்தப் பக்கம் போகிறோம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரிய வேண்டும்.

எஃப் புளூஸை (எஃப்-ஐ அடிப்படையாகக் கொண்ட பன்னிரண்டு பார் சுற்று) எடுத்துக்கொள்வோம். நம் ஊர் ஆர்மோனியக் கணக்கில் நாலு கட்டை. முதல் நாலு பார்களின் கார்டுகள்: எஃப்7, பி ஃப்ளாட்7, எஃப்7, நாலாவதில் பாதி சி மைனர்7, பாதி எஃப்7. ஐந்தும் ஆறும் பி ஃப்ளாட்7. நடு சி-யிலிருந்து இடப்பக்கம் போனால் இரண்டாவதாக வரும் எஃப்-இல் தொடங்குங்கள்.

பார் 1: எஃப்-5, ஏ-2, சி-1, ஏ-2
பார் 2: பி ஃப்ளாட்-1, ஏ ஃப்ளாட்-2, ஜி-3, ஜி ஃப்ளாட்-4
பார் 3: எஃப்-5, ஜி-4, ஏ-3, பி-2
பார் 4: சி-1, ஜி-4, எஃப்-5, ஏ-1
பார் 5: பி ஃப்ளாட்-4, டி-2, எஃப்-1, ஜி-3
பார் 6: ஏ ஃப்ளாட்-2, ஜி-3, எஃப்-1, டி-2

மெதுவாக ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசுவோம்.

இதில் முதல் மூன்று பார்களில் சுண்டுவிரல் எஃப்-இன் மேலிருந்து அசையவே இல்லை, கவனித்தீர்களா? இது எப்படி வந்தது என்றால், மூன்றாவது பாரிலிருந்து. அங்கே எஃப், ஜி, ஏ, பி ஏறி அடுத்த பாரின் சி-யைத் தொடுகிறது. ஐந்து சுரம், ஐந்து விரல், ஆகவே எஃப்-இல் 5 உறுதி. அந்த 5-இல் வந்து இறங்க, அதற்கு முந்தைய ஜி ஃப்ளாட்டில் 4, ஜி-யில் 3, ஏ ஃப்ளாட்டில் 2. அப்படியென்றால் இரண்டாவது பாரின் முதல் சுரமான பி ஃப்ளாட்டில் கட்டைவிரல்தான். கறுப்புக் கட்டையில் கட்டைவிரலா என்று உங்கள் முதல் ஆசிரியர் புருவம் உயர்த்துவார். உயர்த்தட்டும். கை முழுவதையும் கறுப்புக் கட்டைகளுக்கிடையே சற்று உள்ளே தள்ளிவைத்தால் இது மிக வசதியான பிடி.

அந்த பி ஃப்ளாட்-1 தான் முதல் பாரின் ஏ-யில் 2-ஐக் கொண்டுவருகிறது. எஃப், ஏ, சி என்று பார்த்தவுடன் 5-3-1 என்றுதான் கை போகும். அப்படிப் போனால் நாலாவது பீட்டில் ஏ-யில் 3 வரும், அடுத்து பி ஃப்ளாட்டில் 2 வரும், பாரின் கடைசியில் ஒரு விரல் குறையும். நான் மேடையில் நொண்டியது சரியாக இந்த மாதிரி இடத்தில்தான். அங்கே பி ஃப்ளாட் ரூட் என்பதால் 5-ஐப் போட்டேன், அதற்குக் கீழே இறங்க விரலே இல்லை.

இனி நாலாவது பாரின் முடிவு. ஐந்தாவது பார் பி ஃப்ளாட்டிலிருந்து மேலே ஏறி, அடுத்த பாரில் ஏ ஃப்ளாட் வரை போகிறது. கிட்டத்தட்ட ஓர் ஆக்டேவ். ஒரே பிடியில் முடியாது, எங்கோ ஓரிடத்தில் கை நகர்ந்தாக வேண்டும். எங்கே? நாலாவது பாரின் ஏ-யில் கட்டைவிரலை வைத்து, அதன் மேலாக 4-ஐத் தாண்டி பி ஃப்ளாட்டில் போட்டிருக்கிறேன். பி ஃப்ளாட் மேஜர் ஸ்கேலில் டி-யிலிருந்து இ ஃப்ளாட்டுக்குப் போகும் 1-4 இதே அசைவுதான், ஆகவே ஸ்கேல் பயிற்சி வீணாகவில்லை. அடுத்த நகர்வு எஃப்-1-இலிருந்து ஜி-3. ஆறாவது பார் அதே வழியாகத் திரும்பி இறங்குகிறது.

ஏழாவது பாரில் எஃப்7 வருகிறது. டி-2-க்கு அடுத்து சி-யில் இறங்கலாம், அல்லது எஃப்-க்குத் தாவலாம். எட்டாவது பாரில் எங்கே போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகு விரலைப் போடுங்கள்.

கட்டைவிரலும் கட்டையும்

கட்டைவிரல் தாண்டும் இடம் நன்றாக அமைவதற்கு ஒரே ஒரு விஷயம் போதும்: கட்டைவிரல் வெள்ளையில் இருக்கட்டும், அதன் மேல் தாண்டும் நீண்ட விரல் கறுப்பில் விழட்டும். ஏ-1, பி ஃப்ளாட்-4 அப்படித்தான். இதற்கு நேர் எதிர், வெள்ளையில் இருக்கும் 2-க்கு அடியில் கட்டைவிரலை நுழைத்து, பக்கத்துக் கறுப்புக் கட்டையில் ஏற்றுவது. சி-1, பி-2, பி ஃப்ளாட்-1 என்று வாசித்துப் பாருங்கள், மணிக்கட்டு உடனே புகார் செய்யும். அந்த மூன்று சுரங்களும் கட்டாயம் வேண்டுமென்றால் 1-2-3 என்று இறங்கிவிட்டு, அடுத்த பார் மேலே போகும்படி வரியை மாற்றிக்கொள்வேன். ஃபிங்கரிங்குக்காக வரியை மாற்றலாமா? தாராளமாக. பேஸ் கலைஞரின் வரியும் தந்திகள் இருக்கும் வரிசைக்கு ஏற்றபடிதான் பிறக்கிறது.

பக்கத்துப் பக்கத்துச் சுரங்களாக ஏறும் இடத்துக்கு ஒரு பிடி மனப்பாடமாக இருக்கட்டும்: ஏ-1, பி ஃப்ளாட்-3, பி-2, சி-1. எஃப்7-இலிருந்து சி-க்கு ஏறும்போது திரும்பத் திரும்ப வரும்.

இன்னொரு சிக்கல் எடை. கட்டைவிரல் இயல்பிலேயே கனமாக விழும், மோதிர விரல் தனியாக எழவே மறுக்கும். மேலே உள்ள வரியில் முதல் பாரின் சி-1 மூன்றாவது பீட்டில் விழுகிறது. கவனிக்காமல் விட்டால் அந்தச் சுரம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். கட்டைவிரலைத் தட்டாமல், முன்கையோடு சேர்த்து லேசாகச் சாய்த்து இறக்குங்கள். அழுத்தம் வேண்டுமென்றால் இரண்டாவது, நாலாவது பீட்டில் கொஞ்சம் இருக்கட்டும். டிரம்ஸில் ஹை-ஹாட் மூடுவதும் அங்கேதான்.

வரியை எழுத நேரமில்லாதபோது

மேடையில் பென்சில் கிடையாது. அங்கே கை தானாக ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குப் போக வேண்டும். அதற்கு நான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வது, ஜாஸில் எங்கு பார்த்தாலும் வரும் இரண்டு-ஐந்து-ஒன்று நகர்வுக்கான (ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் சுரங்களில் அமையும் கார்டுகள்) பிடி. சி மேஜரில் டி மைனர்7, ஜி7, சி:

டி-5, இ-4, எஃப்-3, எஃப் ஷார்ப்-2 / ஜி-1, எஃப்-2, இ-3, டி-4 / சி-5

விரல்கள் 5-4-3-2 என்று மேலே ஏறி, 1-2-3-4 என்று இறங்கி, 5-இல் உட்காருகின்றன. கை நடுவில் ஒரே ஒரு கட்டை அளவுக்கு இடப்பக்கம் நகர்கிறது, அதுவும் கட்டைவிரல் ஜி-யைப் பிடித்திருக்கும் நேரத்தில், யாருக்கும் தெரியாமல். எஃப் மேஜரில் ஜி, ஏ, பி ஃப்ளாட், பி / சி, பி ஃப்ளாட், ஏ, ஜி / எஃப். விரல்கள் அப்படியே. பி ஃப்ளாட் மேஜரில் சி, டி, இ ஃப்ளாட், இ / எஃப், இ ஃப்ளாட், டி, சி / பி ஃப்ளாட். விரல்கள் மறுபடியும் அப்படியே. ஏ ஃப்ளாட்டில் 5-உம் 1-உம் கறுப்பில் விழும். எழுதிப் பார்த்தால் பயமாக இருக்கும், வாசித்தால் இரண்டு ஓரமும் கறுப்பில் என்பதால் கை சமமாக உட்காரும். பன்னிரண்டு ஸ்கேல்களிலும் ஒரே விரல் வரிசை வேலை செய்வது அபூர்வம். இது செய்கிறது. தினம் இரண்டு ஸ்கேல் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தப் பிடியை அடுத்தடுத்து வாசித்தால் வரி கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும், கட்டைகள் தீர்ந்துவிடும். அப்போது ஆக்டேவ் தாவல்: முதல் பீட்டில் ரூட்-5, இரண்டாவது பீட்டில் அதே ரூட் ஓர் ஆக்டேவ் மேலே, விரல் 1. கை இப்போது மேலே வந்துவிட்டது, கட்டைவிரலிலிருந்து மறுபடி இறங்கலாம். ஓர் ஆக்டேவ் ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர். அதற்கு மேல் விரிக்கச் சொல்லும் பத்தாவது இடைவெளிகளை (ஒரு சுரத்தையும் அதிலிருந்து பத்தாவது சுரத்தையும் சேர்த்துப் பிடிப்பது) ஜாஸ் பியானோ கலைஞர்களான ஆர்ட் டேட்டமும் டெடி வில்சனும் இடது கையில் நடக்கவைத்தார்கள். உங்களுக்கு எட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள், இழுத்துப் பிடித்து வாசிப்பதற்கு அது ஒன்றும் கட்டாயப் பாடம் இல்லை.

ஒரே சுரம் இரண்டு முறை வந்தால் விரல் மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். நடுத்தர வேகத்தில் வேண்டாம். ஆனால் இரண்டாவது முறைக்குப் பிறகு திசை மாறுகிறது என்றால் மாற்றுங்கள்: எஃப்-1, எஃப்-5, ஜி-4 என்று. கைக்கு ஓர் இலவசப் பயணம் கிடைக்கும்.

ஆர்கன் சோதனை

பியானோவின் ஒலி அடித்த உடனே தேயத் தொடங்கும். அதனால் விரல்கள் செய்யும் சின்னச் சின்னத் திருட்டுகள் அதில் தெரியாது. பெடலை மிதித்தால் இன்னும் மறைந்துவிடும், ஆகவே பயிற்சியில் பெடல் வேண்டாம். மேடையிலும் அநேகமாக வேண்டாம்.

கீபோர்டில் ஆர்கன் ஒலியைப் போட்டு அதே வரியை வாசியுங்கள். ஆர்கன் ஒலி விரலை எடுக்கும்வரை தேயாது. ஒரு விரல் தாமதமாக எழுந்தால் இரண்டு பேஸ் சுரங்கள் சேர்ந்து உறுமும். முன்கூட்டியே எழுந்தால் அங்கே ஓட்டை விழும். ஹம்மண்ட் பி-3 என்ற மின் ஆர்கன் வாசித்த ஜிம்மி ஸ்மித் போன்றவர்கள் இடது கையில் பேஸை நடத்தியது இந்த இரக்கமில்லாத ஒலியில்தான். எந்த இடத்தில் உறுமுகிறது, எந்த இடத்தில் ஓட்டை என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டை எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால் அது பயிற்சிக் குறை அல்ல, ஃபிங்கரிங் தவறு. அங்கே விரலை மாற்றுங்கள், ஐம்பது தடவை வாசிக்காதீர்கள். ஓட்டை நாலாவது பீட்டுக்கும் ஒன்றாவது பீட்டுக்கும் நடுவில் விழாமல், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் விழும்படி நகர்த்த முடிந்தால் நல்லது. புதிய கார்டில் இறங்கும் அடி உறுதியாக இருக்கும், மூச்சு அதற்குப் பிறகு வரும்.

வேகமும் வலது கையும்

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டல்களில் வைத்து, அந்தத் தட்டல்களை இரண்டாவது, நாலாவது பீட்டாகக் கேளுங்கள். அப்படியென்றால் நீங்கள் வாசிப்பது 120-இல். ஒரு சுரத்துக்கு அரை நொடி. முதலில் 80-க்கு, அதாவது மெட்ரோனோம் 40-க்கு இறங்கிப் பாருங்கள். மெதுவாக வாசிப்பது எளிது என்று நினைப்பவர்கள் இங்கே ஆச்சரியப்படுவார்கள். 240-இல் ஒரு தாவல் யார் காதிலும் விழாது, 80-இல் எல்லாம் விழும். வேகத்துக்கு ஏற்ப ஃபிங்கரிங்கும் மாறலாம். மெதுவான பாட்டில் விரல்களால் ஒட்டி வாசித்த இடத்தை, வேகமான பாட்டில் கையைத் தூக்கிவைத்துத் தாவிக் கடப்பேன். அங்கே விரல் தாண்டல்தான் தடுமாறவைக்கும்.

இடது கை எண்களைப் பார்க்காமல் நடக்கத் தொடங்கிய பிறகுதான் வலது கை. உடனே மெலடி வேண்டாம். ஒவ்வொரு கார்டின் மூன்றாவது, ஏழாவது சுரத்தை மட்டும் சேர்த்துப் பிடித்து, பாரின் முதல் பீட்டில் வைத்து நான்கு பீட்டும் பிடித்திருங்கள். எஃப்7-க்கு ஏ, இ ஃப்ளாட். பி ஃப்ளாட்7-க்கு டி, ஏ ஃப்ளாட். பிறகு அதை இரண்டாவது பீட்டுக்குத் தள்ளுங்கள், அப்புறம் பீட்டுகளுக்கு நடுவில். வலது கை பீட்டைவிட்டு விலகும் கணத்தில் இடது கையும் அதன் பின்னே ஓடப் பார்க்கும். ஓடினால் அந்த இரண்டு பாரை மட்டும் எடுத்து, வலது கையை மேசையில் தட்டியபடி இடது கையை வாசியுங்கள்.

வாசிப்பதைப் பதிவு செய்து கேட்பவர்கள் ஃபோனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கீழ் ஆக்டேவ் அதில் வரவே வராது, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஹெட்ஃபோனில் கேளுங்கள். நான் அந்த மேடைப் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டபோது, நாலாவது சுற்றில் டிரம்ஸ்காரர் மிக மென்மையாக பேஸ் டிரம்மை ஒவ்வொரு பீட்டிலும் மிதிக்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. என் இடது கையின் ஓட்டைகளை அவர் அடைத்துக்கொண்டிருந்தார்.